ஹைட்ரஜன் அணுவின் அளவு: மதிப்பீடா, விடை தெரிந்து போட்ட கணக்கா?

அலைமுகம்:
குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தொடாமலே ஹைட்ரஜன் அணுவின் அளவைப் பிடிக்கலாம். எலக்ட்ரானை ஓர் ஆரத்துக்குள் அடைத்தால், நிச்சயமின்மைக் கோட்பாட்டின்படி (இடத்தைக் குறுக்கினால் உந்தத்தின் நிச்சயமின்மை கூடும்) அதன் உந்தம் ஹெச்-பாரை, அதாவது பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்ததை, அந்த ஆரத்தால் வகுத்த அளவு. ஆரத்தைப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல் 4 மடங்காக எகிறும். புரோட்டானின் மின் ஈர்ப்பால் வரும் ஆற்றல் 2 மடங்குதான் ஆழமாகும். கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ அதுதான் அணுவின் அளவு. ஆரம் 0.053 நானோமீட்டர், ஆற்றல் −13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலுக்கான அலகு). பாடநூல் விடை அப்படியே வந்துவிடுகிறது!

வெப்பமானி:
அப்படியே வருவதுதான் எனக்கு இடிக்கிறது. கோட்பாட்டில் இருப்பது ஹெச்-பாரில் பாதி. அதைப் போட்டுப் பாருங்கள்: ஆரம் 0.013, ஆற்றல் −54.4. விடை தெரிந்திருப்பதால்தானே அந்தப் பாதியை விட்டீர்கள்? ஆர்கான் வாயுவை அளந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதன் வான்டர்வால்ஸ் பருமன் மாறிலி (அணுக்களின் பருமனுக்காக வாயுச் சமன்பாட்டில் செய்யும் திருத்தம்) மோலுக்கு 0.032 லிட்டர், அது அணுக்களின் சொந்தப் பருமனைப் போல 4 மடங்கு. 4-ஆலும், ஒரு மோலில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணாலும் வகுத்தால் அணுவின் விட்டம் 0.29 நானோமீட்டர். எந்த ஊகமும் வேண்டாம். லோஷ்மித் 1865இலேயே வாயுக்களை வைத்து மூலக்கூறின் அளவைக் கணக்கிட்டுவிட்டார்; அப்போது குவாண்டம் என்ற பேச்சே கிடையாது.

அலைமுகம்:
சரி, "அப்படியே" என்றது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஊகமே வேண்டாம்" என்கிறீர்களே, அந்த 4 எங்கிருந்து வந்தது? அணுவைக் கெட்டியான கோளமாக வைத்துக்கொண்டதால் வந்தது. அப்புறம், அணு ஏன் அந்த அளவில் நிற்கிறது, ஏன் கருவுக்குள் போய் விழவில்லை என்பதற்கு வாயு அளவீட்டில் பதில் கிடையாது. என் கணக்கு 4 மடங்கு பிசகினாலும் அந்தக் காரணத்தைக் காட்டுகிறது.

நுண்துகள்:
குறுக்கே ஒன்று சொல்கிறேன். கோளம் என்ற ஊகம் செல்லுபடியாவதே குவாண்டத்தால்தான். 300 கெல்வினில் வெப்ப ஆற்றலின் அளவு 0.026 எலக்ட்ரான் வோல்ட். ஆர்கானை முதல் கிளர்நிலைக்கு (எலக்ட்ரான் அடுத்த உயர் ஆற்றல் நிலைக்குத் தாவுவது) ஏற்ற ஏறத்தாழ 11.5 வேண்டும், அதாவது 400 மடங்குக்கும் மேல். மோதல்கள் அணுவின் உள்ளே எதையும் அசைப்பதில்லை. அதன் மாறாப் பருமத் தன்வெப்பம் (பருமன் மாறாமல் வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்தத் தேவையான வெப்பம்) மோலுக்கு, கெல்வினுக்கு 12.5 ஜூல் மட்டும் இருப்பதும் அதனால்தான். அத்தனையும் நகர்வுக்கே போகிறது, 18 எலக்ட்ரான்களுக்குப் பங்கே இல்லை.

வெப்பமானி:
தன்வெப்பக் கணக்கு அருமை. 4 பற்றிச் சொன்னதும் நியாயம்தான். ஆனால் மாணவரிடம் அந்தப் பாதியை மறைப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 0.053, 0.013 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.