ஆறு கடலில் சேரும் ஊர்களில் வேலை பார்த்தவர்களே, இன்னும் மனதை அரிக்கும் ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

முகத்துவாரம்

ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் படகு ஏறியவர்களுக்கு அலையாத்திக் காடு தெரிந்திருக்கும். நான் சொல்வது அங்கே இல்லை. அதே கோட்டைக்கரையாற்றுப் பக்கம் கொஞ்சம் தள்ளி, மரமெல்லாம் அழிந்து உவர் பூத்துக் கிடந்த ஒரு நிலம். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள் வடிவில் கிளை வாய்க்கால்கள், கரையில் அலையாத்திக் கன்று. ஏற்றத் தண்ணீர் உள்ளே வந்து போகத்தான் இந்த வாய்க்கால்கள். நடவு வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஊர்ப் பெண்கள்தான்.

நடவு முடிந்த சாயங்காலம் கூலிப் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் கருவாடு விற்கிற ஓர் அம்மா. கைநாட்டு வைத்தார், பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்தார், ஆனால் நகரவில்லை. "நட்டதுக்குக் கூலி குடுத்துட்டீக, சரி. இதெல்லாம் செத்துப்போச்சுன்னா யாருக்கிட்ட வந்து சொல்லணும்?" என்றார். ஆபீசில் சொல்லுங்கம்மா என்றேன். அவர் என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, "இதுல அதுக்கு எடம் இருக்கா?" என்று கேட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கட்டங்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். விரலில் மை இன்னும் காயவில்லை, கட்டத்துக்குக் கட்டம் நீலத் தடம் விழுந்தது. வாய்க்கால் நீளத்துக்குக் கட்டம் இருந்தது. கன்று எண்ணிக்கைக்கு, ஆள் எண்ணிக்கைக்கு, தொகைக்கு எல்லாம் இருந்தது. பிழைத்த கன்றுக்கு இல்லை.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான், தின்ற உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடும். ஆனால் இளங்கன்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. மழையோ ஆற்று வெள்ளமோ வந்து உவரைக் கழுவிவிட்டால்தான் வேர் பிடிக்கும். திட்டம் முடிந்து நாங்கள் எல்லாரும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டோம். எத்தனை பிழைத்தது என்று யாரிடமும் கணக்கு இல்லை. அந்த அம்மாவிடம் இருக்கும்.

தொண்டிக்காரன்

நான் திட்டத்தில் வேலை பார்த்தவன் இல்லை. கடல்பசுவைக் காப்பாற்றுங்கள் என்று ஊருக்குள் கூட்டம் போட்டார்களே, அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் மகன்.

நாட்டுப்படகு, ராத்திரி, நானும் அப்பாவும். வலையை இழுக்கும்போதே கனத்தைப் பார்த்து அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆவுளியா, அதாவது கடல்பசு. அது மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும், வலை விடாது, அப்படியே தண்ணீருக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போகும். என் பெரியப்பா காலத்தில் இப்படிச் செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்து கூறு போட்டிருக்கிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்பா பாதி உடம்பை வெளியே தொங்கப் போட்டு ஒரு கையால் அதன் தாடையைத் தூக்கிப் பிடித்தார். நான் டார்ச் அடித்தேன். இறுக்கி மூடியிருந்த மூக்குத் துளை ரெண்டும் தண்ணீருக்கு மேலே வந்ததும் திறந்தன. அந்தக் காற்று என் முகத்தில் சூடாக அடித்தது. அப்புறம்தான் அப்பா இன்னொரு கையால் வலையை அறுக்க ஆரம்பித்தார், அது மூச்சு விட்ட பிறகு.

வலையை அறுத்துவிட்டால் இழப்பீடு தருவோம் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். கேட்கப் போனோம். விடுவிக்கும்போது எடுத்த போட்டோ அல்லது வீடியோ வேண்டும் என்றார்கள். அப்பா சண்டை போடவில்லை. "கத்தியப் பிடிக்கவா, போனப் பிடிக்கவா?" என்று மட்டும் கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதலாவது. மனசாரச் சொல்கிறேன், நல்ல காரியம். ஆனால் கடலுக்கடியில் தாழை என்கிற கடல்புல் எங்கே மண்டிக் கிடக்கிறதோ அங்கே எல்லாம் ஆவுளியா மேய வரும், எங்கள் பக்கமும் வரும். அதை விடுவிக்கிற கை மீனவன் கைதான். அந்தக் கையில் போன் இருக்காது.

மரிக்கொழுந்து

மேலே எழுதிய அண்ணன் ஒருவர் திட்டத்தில் இருந்தவர், இன்னொருவரின் அப்பா கூட்டத்தில் உட்கார்ந்தவர். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கிறவர். பாம்பன் பக்கம் பொம்பளைப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். விரல் நுனியில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளைப் பிடுங்கி இடுப்புப் பையில் போடுவது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவும் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. எங்கள் பாட்டி எடுத்த அதே பாறையில் அம்மா எடுத்தால் குற்றம் என்றாகிவிட்டது.

ஒரு நாள் ரோந்துப் படகு வந்தது. நானும் கூட இருந்தேன், பள்ளிக்கூட லீவு. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார், அம்மா அம்மா என்றுதான் கூப்பிட்டார். ஆனால் சாக்கை வாங்கி, விடியற்காலையிலிருந்து எடுத்த பாசி அத்தனையையும் திரும்பக் கடலிலேயே கொட்டினார். அது அலையில் பரவி மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டார், "கொட்டுனா போய்ப் பாறையில ஒட்டிக்கிருமா ஐயா?" அவர் பதில் சொல்லவில்லை. பிடுங்கின பாசி ஒட்டாது. கடலுக்கும் ஆகாமல் எங்களுக்கும் ஆகாமல் போனது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்விதான் என் காதில் இருக்கிறது.

பாறையை இரும்பால் சுரண்டக் கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும், மாதத்தில் இத்தனை நாள் மட்டும்தான், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வரும்போது நாங்களும் இறங்கக் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு போட்டது யார்? அந்தப் பெண்களே. எங்களைப் போலப் பாசி எடுக்கிற சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு கொடுத்தார்களே, சும்மாவா கொடுத்தார்கள்? இன்னொரு பக்கம், மூங்கில் மிதவை கட்டி வெளிநாட்டுக் கப்பாபைகஸ் பாசியை வளர்க்கச் சொல்லிக் குழுக்களுக்குக் கடன் கொடுத்தது இதே மண்டபம் பக்கம்தான். அந்தப் பாசி குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருக்கிறது என்று 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளத்தை மூச்சு முட்ட வைத்தது எங்கள் அம்மாவின் விரல் இல்லை.

தொண்டிக்காரன் அண்ணே, பாதுகாப்பகம் நல்ல காரியம் என்று நீங்கள் சொல்வது தொலைவிலிருந்து சொல்வது. பூங்காவுக்குள் பிழைக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தொண்டிக்காரன்

தங்கச்சி, தொலைவிலிருந்து சொல்லவில்லை. அறுத்தது எங்கள் வலை. பாதுகாப்பு வேண்டும், மீனவனை விட்டுவிட்டுச் செய்யும் பாதுகாப்பு வேண்டாம். நீங்கள் சொல்வதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கண்மாய்க்கரை

நான் மேற்கே, வைகைப் பாசனம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர் வாரும் வேலைக்கு ஊர்க்குழுவில் இருந்தேன். கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற எங்கள் ஊர் நீர்பாய்ச்சி, எழுபது தாண்டியவர், வரத்துக்காலை எனக்குக் காட்ட முன்னே நடந்து வந்தார். ஒரு இடத்தில் வரத்துக்காலின் குறுக்கே ஒரு சுற்றுச்சுவர். அதுவரை பேசிக்கொண்டே வந்தவர் வாயை மூடிவிட்டார், என்னை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். சுவர் அவருடைய அக்கா மகன் கட்டியது என்று பிறகு தெரிந்தது. என் அனுபவம் இவ்வளவுதான்.

முகத்துவாரம் தம்பிக்குச் சில விஷயம் சொல்கிறேன். கன்று செத்திருந்தால் அதற்குக் காரணம் கன்று நட்ட இடத்தில் இல்லை. வைகை 258 கிலோமீட்டர் ஓடிவந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது. நிறைந்து கலுங்கு வழிகிற வருஷம்தான் ஆற்றங்கரை என்கிற ஊர்ப் பக்கம் கடலைப் பார்க்கிறது. 1959-இல் வைகை அணை கட்டிய பிறகு கீழ்க்கோடிக்கு வருவது முறை வைத்து விடுகிற தண்ணீர். பார்த்திபனூர் மதகில் பிரித்து விடுவதில் மிஞ்சுவதுதான் நமக்கு. உங்கள் ஆறு வேறு என்றாலும் நிலைமை ஒன்றுதான், மேலே கண்மாய் கண்மாயாகத் தேங்கி, மிஞ்சினால்தான் முகத்துவாரத்துக்கு நல்ல தண்ணீர். அதனால் கடலோரத்தில் நடுவதற்கு முன்னால் மேலே வரத்துக்காலைத் திறக்க வேண்டும். வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேல். முதலில் அதை எடுங்கள். மேலோடு வெட்டினால் ரெண்டு மழையில் அடியிலிருந்து பழையபடி தழைத்துவிடும், ஜேசிபி விட்டு வேரோடு பிடுங்கினால்தான் ஆகும். 2022-லேயே இதை அகற்ற அரசு கொள்கை கொண்டுவந்துவிட்டது. பிடுங்கிய கரையில் பனை விதை போடுங்கள். நடவைக் கார்த்திகைக்குத் தள்ளாதீர்கள், மழை பிடிக்கிற நேரத்தில் வேர் மண்ணில் இருக்க வேண்டும். ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள், வேலி போட்டால் வேலியைத்தான் முதலில் பிடுங்குவார்கள். கண்மாயில் மீன் ஏலம் விடுகிற காசில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். திட்டப் பணம் நின்றாலும் அந்தக் காசு நிற்காது. அந்தக் கருவாட்டு அம்மாவுக்கே மாதச் சம்பளம் கொடுத்து கன்றை எண்ணச் சொல்லுங்கள், பட்டியலில் கட்டம் தானாக வரும். சுருக்கமாகச் சொன்னால் மேலே தண்ணீர், கரையில் ஆள், பெட்டியில் காசு, மூன்றும் வேண்டும்.

மூட்டம்

கண்மாய்க்கரை ஐயாவுக்கு வணக்கம். தண்ணீர்க் கணக்கு அத்தனையும் சரி. சீமைக்கருவேலில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியாது. அது தண்ணீரைக் குடிக்கிறது, வரத்தை அடைக்கிறது, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காணி நிலம் இல்லாதவனுக்கு இந்த மாவட்டத்தில் மழை இல்லாத வருஷம் சோறு போட்டது எது? கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் வந்து பாருங்கள், விறகை அடுக்கி வைக்கோலும் மண்ணும் மூடித் தீ வைத்த கரிமூட்டம் எத்தனை என்று. எங்கள் சின்னம்மா அதில்தான் ரெண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார்.

என் சந்திப்பு ஒரு கண்மாய்க்குள். ஜேசிபி வந்து நின்றது, மார்கழி. கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலும் சீமையும் கலந்து நிற்க, ரெண்டிலும் மஞ்சள்மூக்கு நாரை கூடு. வண்டிக்காரப் பையனுக்கு எது நாட்டுக் கருவேல், எது சீமை என்று தெரியவில்லை. காட்டித் தர ஆளும் அனுப்பவில்லை. சின்னம்மா அரிவாளோடு போய், நாட்டு மரத்துக்கெல்லாம் தன் சேலையைக் கிழித்துக் கட்டினார். "துணி கட்டுனதத் தொடாத தம்பி, துணி இல்லாததையும் குஞ்சு பறக்குற வரைக்கும் தொடாத" என்றார். பையன் யாருக்கோ போன் போட்டான். மறுமுனையில் சத்தம் போட்டது எங்களுக்கே கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு அன்றைய வாடகை போயிருக்கும். யார் வீட்டுப் பிள்ளையோ, அவனைத்தான் நான் மறக்கவில்லை.

எங்கள் பக்கத்துப் பறவைக் கண்மாய்களில் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன, 2025-இல் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும். அங்கேயெல்லாம் பறவை உட்காருவது கருவேல மரத்தில்தான் ஐயா. படிப்படியாக எடுங்கள், கூடு கட்டும் காலத்தை விட்டு எடுங்கள், எடுக்கிற விறகை வெளியூர் குத்தகைக்காரருக்குக் கொடுக்காமல் மூட்டம் போடுகிறவர்களுக்கே கொடுங்கள்.

கண்மாய்க்கரை

கூடு கட்டும் காலம் பற்றி மூட்டம் அம்மா சொன்னது நியாயம். வரத்துக்காலில் கூடு இருக்காது, அங்கே மட்டும் வேரோடு பிடுங்குவதில் என் கருத்து மாறாது.

மூட்டம்

வரத்துக்காலுக்குச் சரி. விறகு எங்களுக்கு.

முகத்துவாரம்

கண்மாய்க்கரை ஐயா, ஆள் வைத்து எண்ணச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது நான் இருக்கிற வேலையில் பட்டியல் தயாரிப்பது என் பொறுப்பு. நடவுக்கு ஒரு வருஷம் கழித்துப் பிழைத்த கன்றுக்கு ஒரு கட்டமும், எண்ணுகிறவருக்குக் கூலியும் சேர்த்து அனுப்பினேன். கட்டத்தை ஒத்துக்கொண்டார்கள், கூலியை வெட்டிவிட்டார்கள். திரும்ப எழுதியிருக்கிறேன்.

மரிக்கொழுந்து

தொண்டிக்காரன் அண்ணே, கோபமாக எழுதிவிட்டேனோ என்று பார்க்காதீர்கள். வலைக்கு மனு எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் குழுவில் நன்றாக எழுதுகிற ஓர் அக்கா இருக்கிறார். அடையாள அட்டைக்காக நாங்கள் எழுதாத மனு இல்லை.

தொண்டிக்காரன்

அப்பா வேண்டாம் என்கிறார், புது வலை வாங்கியாகிவிட்டது. ஆனால் நாளைக்கு வேறொருவர் வலையை அறுத்தால் அவருக்காவது கிடைக்க வேண்டும். போட்டோ இல்லாவிட்டால் அறுந்த வலையும் பக்கத்துப் படகுக்காரர் சாட்சியும் போதும் என்று மாற்றச் சொல்லி ஊர்ச் சங்கம் பேரில் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அக்காவிடம் கேட்டு, அட்டைக்குக் கொடுத்த மனுவின் நகல் ஒன்றை அனுப்பி வையுங்கள்.