ஜாய்ஸ்டிக்கை மாற்றினால் நீர்மூழ்கி விலை பாதியாகுமா?

வெல்டர் பாண்டி:
நேற்றிலிருந்து எல்லாக் குழுவிலும் ஒரே படம் சுற்றுகிறது. அமெரிக்க நீர்மூழ்கிக்குள் ஒரு மாலுமி எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே, "38,000 டாலர் ஜாய்ஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு 30 டாலரில் வேலையை முடித்தார்கள், நீர்மூழ்கி விலையைப் பாதியாக்கினார்கள், நம் ஆட்களுக்கு இந்த மூளை எப்போது வரும்" என்று எழுதியிருக்கிறது. இதை இங்கே கொண்டுவந்து போட்டவர் நம் கணக்குப்பிள்ளை. அதற்கு ஒரு கூட்டமே கைதட்டியிருக்கிறது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கன்ட்ரோலர் வந்தது வர்ஜீனியா வகை அணுசக்தி நீர்மூழ்கியான யு.எஸ்.எஸ். கொலராடோவில், அது கடற்படையில் சேர்ந்தது 2018 மார்ச்சில். பெரிஸ்கோப்புக்குப் பதிலாக வைத்த கேமரா மாஸ்டை, அதாவது கேமரா பொருத்திய கம்பத்தை, திருப்பிப் பார்க்கத்தான் அது, கப்பலை ஓட்ட அல்ல. ஆனால் வர்ஜீனியா வகையின் விலையை 2.4 பில்லியன் டாலரிலிருந்து 2 பில்லியனுக்கு இறக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது 2005 வாக்கில். எட்டுக் கப்பலுக்கு 14 பில்லியன் என்று ஒப்பந்தம் போட்டது 2008 டிசம்பரில். பத்து வருடம் கழித்து வந்த சாமான் பத்து வருடம் முந்தைய விலையை எப்படிக் குறைத்தது என்று யாராவது விளக்கினால் தெரிந்துகொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
பாண்டி அண்ணே, வந்ததும் வராததுமாக என் பெயரை இழுத்தாயிற்று, சந்தோஷம். ஒரே கேள்விதான். 38,000 எங்கே, 30 எங்கே? இது பொய்யா? கடற்படையே வெளியில் சொன்ன எண். பழைய கைப்பிடியைப் பழக மணிக்கணக்கில் பயிற்சி வேண்டும், புதிதாக வந்த பையன் இதை நிமிடக்கணக்கில் பிடித்துக்கொள்கிறான். கடையில் கிடைப்பதை வாங்கிப் போடு, எல்லாவற்றையும் தனியாகச் செய்யாதே என்கிற புத்திதான் விலையைக் குறைக்கிறது. 1990-களின் கடைசியிலிருந்து, ஒலியை வைத்துத் தேடுகிற சோனார் கணினிகளுக்குச் சந்தையில் விற்கிற சில்லுகளைத்தான் போடுகிறார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியும் விடுகிறார்கள். அதுவும் பொய்யா? நீங்கள் இரும்பைத் தவிர எதையும் பார்க்க மாட்டீர்கள், அதற்கு நான் என்ன செய்ய.

வெல்டர் பாண்டி:
38,000 ஜாய்ஸ்டிக்கின் விலை அல்ல. கைப்பிடி, அதோடு வரும் கட்டுப்பாட்டுப் பலகை, இரண்டும் சேர்த்து. செய்தியை முழுதாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். சரி, முழுசாக மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம், மாஸ்டு இரண்டு, எனவே இரண்டு செட். 76,000 டாலர். 2 பில்லியனில் அது இருபத்தாறாயிரத்தில் ஒரு பங்கு. கல்யாணச் செலவைப் பாதியாக்கிவிட்டேன் என்று வெற்றிலைத் தட்டில் ஒரு பாக்கைக் குறைத்த கதை.

குறைக்க வேண்டியிருந்தது 400 மில்லியன். அதில் ஏறக்குறைய பாதி, வருடத்துக்கு ஒன்று என்பதை இரண்டாக்கி, பல வருடத்துக்குச் சேர்த்து வாங்கியதிலேயே வந்துவிட்டது. மீதி வடிவமைப்பை மாற்றியதிலும், 84 மாதம் எடுத்த கட்டுமானத்தை 60 மாதம் நோக்கிக் குறைத்ததிலும். மூக்குப் பகுதியைப் பாருங்கள். முன்பு அங்கே பெரிய உருண்டை சோனார், உள்ளே காற்று. ஒவ்வொரு உணர்விக்கும் ஹல்லை, அதாவது கப்பலின் உடற்கூட்டை, துளைத்து வயர் போக வேண்டும், ஒவ்வொரு துளைக்கும் சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் கையெழுத்து. மூன்றாம் பிளாக்கில், அதாவது மூன்றாவது தொகுதிக் கப்பல்களில், அதை எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே நிற்கிற குதிரைலாட வடிவ சோனாரை வைத்தார்கள், நூற்றுக்கணக்கான துளைகள் ஒழிந்தன. தனித்தனியாக இருந்த 12 ஏவுகணைக் குழாய்களுக்குப் பதிலாக 87 அங்குல விட்டத்தில் இரண்டே குழாய், ஒவ்வொன்றிலும் ஆறு டோமஹாக் ஏவுகணை. இதுதான் காசு. கையில் பிடிக்கிற பொம்மை அல்ல.

சுறாமீன்:
கேம் கன்ட்ரோலர் வைத்து ஓட்டினதுதானே டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன்? 2023-ல் ஐந்து பேர் போய்ச் சேர்ந்தார்கள். சும்மா ஞாபகப்படுத்தினேன்.

கணக்குப்பிள்ளை:
இதோ வந்துவிட்டார். டைட்டன் நொறுங்கியது கார்பன் ஃபைபர் ஹல்லால், கன்ட்ரோலரால் அல்ல. ஐந்து பேர் செத்ததை வைத்து விவாதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறீர்களே, அது சரி. பாண்டி அண்ணே, உங்கள் ஆளை அடக்கி வையுங்கள்.

அப்புறம் 14-ஐ எட்டால் வகுத்தால் 1.75 வருகிறது, 2 கூட இல்லை. அப்படியென்றால் நீங்கள் சொன்ன 400 மில்லியனும் தப்பு, 650. எண்ணைப் போடும்போது பார்த்துப் போட வேண்டும். 38,000-க்கு மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கத் தெரிகிறதல்லவா?

வெல்டர் பாண்டி:
சுறாமீன் என் ஆள் இல்லை. தேஜஸ் விவாதத்தில் என்னை "வெல்டிங் பட்டறை" என்று கூப்பிட்டவர், அதை நான் மறக்கவில்லை.

1.75 என்பதற்குப் பதில்: அணு உலையை அரசு தனியாக வாங்கித் தருகிறது, கப்பல் கட்டும் யார்டு போட்ட ஒப்பந்தத்தை எட்டால் வகுத்தால் கப்பல் விலை வராது. அந்த 2 பில்லியனும் 2005-ம் வருட டாலர். அன்றன்றைய டாலரில் பார்த்தால் 2012-ல் ஒரு கப்பல் இரண்டரை பில்லியனைத் தாண்டிவிட்டது. கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டு பணவீக்கத்தை விட்டுவிட்டு வகுக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

இரும்பை மட்டும் பார்ப்பவன் என்றீர்கள். ஆமாம், பார்ப்பேன். பல வருடம் ஒரு கப்பல் யார்டில் வெல்டிங் ராடு பிடித்தவன். நீர்மூழ்கிக்குப் போடுகிற எச்.ஒய். என்கிற அதிக வலுவுள்ள இரும்பு நம் கேட் செய்கிற இரும்பு அல்ல. பற்றவைக்கும் முன் சூடேற்ற வேண்டும். ஒரு பாஸுக்கும் (ஒரு தடவை ஓட்டும் வெல்டு) அடுத்த பாஸுக்கும் நடுவில் அந்தச் சூடு இறங்கவும் கூடாது, ஒரு அளவுக்கு மேல் ஏறவும் கூடாது. ராடு ஓவனிலிருந்து எடுத்தால் குறித்த நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறும், ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் உள்ளே போகும், முடித்தபோது நன்றாக இருந்த வெல்டுத் தையல் ஓரிரு நாள் கழித்து உள்ளுக்குள் விரியும். 1991-ல், வர்ஜீனியாவுக்கு முந்தைய அமெரிக்க நீர்மூழ்கி வகையான சீவுல்ஃப் கட்டும்போது எச்.ஒய். 100 தையல்களில் விரிசல் கண்டு, முடித்த வேலையை வெட்டி எடுத்து மறுபடி செய்தார்கள். 29 கட்டத் திட்டமிட்ட சீவுல்ஃப் மூன்றோடு நின்றது, பனிப்போர் முடிந்தது ஒரு காரணம், விலை இன்னொரு காரணம். அந்தக் கசப்பில்தான் வர்ஜீனியாவே பிறந்தது. அப்போது எக்ஸ்பாக்ஸ் என்ற பெயரே கிடையாது.

யார்டுகளில் ஒரு கணக்கு சொல்வார்கள், 1-3-8. பட்டறையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை, மாட்யூலுக்குள் (தனியாகக் கட்டிப் பிறகு சேர்க்கிற கப்பல் துண்டு) போனால் மூன்று மணி, ஹல்லை மூடிய பிறகு எட்டு மணி. சும்மா சொன்னதல்ல. பட்டறையில் பைப்பைத் திருப்பி வைத்து வசதியாக அடிக்கலாம். மூடிய ஹல்லுக்குள் இரண்டு பிரேமுக்கு நடுவில் ஒருக்களித்துப் படுத்து, பைப்புக்குப் பின்னால் கை போகாத இடத்தில் கண்ணாடியை வைத்து, அதில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துப் பற்றவைக்க வேண்டும், அதில் இடம் வலமாகத் தெரியும். பக்கத்தில் ஒருவன் புகையை இழுக்கிற குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பான், இன்னொருவன் தீ காவல், ஒரு தையலுக்கு மூன்று சம்பளம். அதனால்தான் வர்ஜீனியாவில் பத்து மாட்யூலை நான்காக்கினார்கள், முடிந்தவரை எல்லாவற்றையும் வெளியிலேயே பொருத்திவிட்டு கடைசியில் சேர்த்தார்கள். மிசிசிப்பி என்ற கப்பல் 2012-ல் சொன்ன தேதிக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்னாலேயே கைக்கு வந்தது. ஜாய்ஸ்டிக்கா கொண்டுவந்தது?

தாமிரபரணி:
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்கள். அந்த மூன்றாம் பிளாக்கின் முதல் கப்பல் நார்த் டகோட்டா, நீங்கள் புகழ்கிற அதே மூக்குப் பகுதிக்கு வெளியிலிருந்து வாங்கிய பாகங்கள் சரியில்லை என்று 2014 மே மாதத்திலிருந்து அக்டோபருக்குத் தள்ளிப்போனது. மின்னசோட்டா என்ற இன்னொரு வர்ஜீனியா கப்பல் ஒரு பைப் வளைவில் சரியில்லாத வெல்டைக் கண்டு நீண்ட காலம் கரையிலேயே கிடந்தது, வெல்டு என்பதைக் கவனிக்கவும். அமெரிக்காவின் டகோமாவில், நீர்மூழ்கிக்கு இரும்பு வார்த்துக் கொடுக்கிற ஒரு வார்ப்பாலையில் இரும்பின் சோதனை முடிவுகளையே பல வருடம் பொய்யாக எழுதியிருந்தது 2020-ல் வெளியே வந்து வழக்கானது. மலிவாகக் கொடு, சீக்கிரம் கொடு என்று நெருக்கினால் கடைசியில் இதுதான்.

இன்னொன்று. இப்போது வருடத்துக்கு இரண்டு எங்கே வருகிறது? ஒன்றே கால்கூட வரமாட்டேன் என்கிறது. 2019-ல் ஒன்பது கப்பலுக்கு 22 பில்லியன் ஒப்பந்தம். குறைந்த விலை எங்கே போனது?

(எங்கள் ஊர்ப்பக்கம் விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிற ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது, எனவே எனக்கும் பேச உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கக் கூடாது.)

வெல்டர் பாண்டி:
ஆன்டெனா பக்கத்தில் வீடு இருந்தால் நீர்மூழ்கி கட்டத் தெரிந்துவிடுமா, நல்ல கதை. டகோமாவில் பொய் எழுதியது 1985-லேயே தொடங்கிவிட்டது, விலைக் குறைப்பு வந்தது அதற்கு இருபது வருடம் கழித்து. எதை எதோடு முடிச்சுப் போடுகிறீர்கள்? ஒன்பது கப்பலுக்கு 22 என்பதில் எட்டுக் கப்பல்களில் ஒவ்வொன்றின் நடுவிலும் 84 அடி நீளத் துண்டு ஒன்றைக் கூடுதலாகச் செருகுகிறார்கள், கப்பலுக்கு 28 டோமஹாக் அதிகம். பெரிய கப்பல் பெரிய விலை. அமெரிக்கா கட்டும் இன்னொரு நீர்மூழ்கி வகையான கொலம்பியாவும் அதே ஆட்களைப் பிடித்து இழுக்கிறது, பெருந்தொற்றில் அனுபவசாலிகள் ஓய்வு பெற்றுப் போனார்கள், புதுப் பையனுக்குக் கண்ணாடி வெல்டிங் கைவர எத்தனை வருடம் ஆகும் என்று என்னைக் கேளுங்கள்.

சோதனையைக் குறைக்கச் சொன்னேனா? 1963-ல் த்ரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி 129 பேரோடு மூழ்கிப் போனது. அதற்கப்புறம் வந்த சோதனை முறையில் யாரும் கைவைக்க மாட்டான். சோதிக்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு, சோதனையைக் குறைப்பது வேறு.

மும்பை முருகேசன்:
எல்லாரும் கிராட்டன், நியூபோர்ட் நியூஸ் என்று அமெரிக்க யார்டுகளையே பேசுகிறீர்கள், "நம் ஆட்களுக்கு மூளை எப்போது வரும்" என்று எழுதியதை ஒருத்தரும் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை சார், மும்பை மசகான் டாக் யார்டில் 1992-ல் ஷல்கி, 1994-ல் ஷங்குல் என்று இரண்டு ஜெர்மன் வகையை நம் ஆட்கள் கட்டி முடித்தார்கள். அதை விற்ற ஜெர்மன் நிறுவனமான எச்.டி.டபிள்யூ. மீது வந்த ஊழல் புகாருக்கு அப்புறம் அடுத்த ஆர்டரே இல்லை. 2005-ல் ஸ்கார்பீன் என்ற பிரெஞ்சு வகை நீர்மூழ்கிக்கு ஒப்பந்தம் வரும்போது அந்தக் கை வேலை தெரிந்தவன் எவன் இருந்தான்? அதில் முதல் கப்பல் கல்வாரி 2012-ல் வர வேண்டியது 2017 டிசம்பரில் வந்தது, ஆறாவது வாக்ஷீர் 2025 ஜனவரியில். விலையும் 23,000 கோடியைத் தாண்டியது. மூளை இல்லாததால் அல்ல, நடுவில் பத்து வருடம் யார்டைப் பட்டினி போட்டதால். பிரிட்டனுக்கும் இதே கதிதான், வான்கார்டு வகை நீர்மூழ்கிக்கு அப்புறம் இடைவெளி விட்டு, அடுத்த வகையான அஸ்டியூட்டில் திணறி, அமெரிக்காவின் எலக்ட்ரிக் போட் யார்டிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். அவர்களுக்கு மூளை இல்லை என்று எழுதுவீர்களா?

கணக்குப்பிள்ளை:
முருகேசன் சார், தாமதத்துக்கு எப்போதும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. இடைவெளிதான் காரணம் என்றால் இரண்டாவது கப்பலிலிருந்து நேரத்துக்கு வந்திருக்க வேண்டுமே. நான் கேட்டது ஒன்றுதான், அதற்கு இதுவரை இங்கே பதில் இல்லை. 38,000-ஐ 30-க்கு இறக்கும் மனசு நம் கொள்முதல் அலுவலகத்தில் இருக்கிறதா? பாண்டி அண்ணன் பலகை என்கிறார். பலகையும் மிச்சம்தானே?

வெல்டர் பாண்டி:
பலகை மிச்சமா இல்லையா என்பதல்ல கேள்வி, "பாதியாக்கினார்கள்" என்று எழுதியதுதான் கேள்வி. அதை எடுத்துவிடுங்கள், நானும் போகிறேன். எடுக்க மாட்டீர்கள்.

முருகேசன் சொன்ன இடைவெளி சரி, ஆனால் பாதி. ஜப்பானைப் பாருங்கள். கோபேயில் கவாசாகி, மிட்சுபிஷி என்று இரண்டு யார்டு, மாற்றி மாற்றி வருடத்துக்கு ஒன்று, போரும் இல்லை அவசரமும் இல்லை, விடாமல் கட்டுகிறார்கள். வெல்டர் வேலை தேடி வேறு ஊருக்குப் போவதில்லை. ஸ்பெயின் ரொம்ப நாள் கழித்துச் சொந்தமாக வடிவமைக்கப் போய், எஸ்-80 கப்பல் எடை கூடிவிட்டது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள், மிதக்க வைக்க நீளத்தை ஏற்ற வேண்டி வந்தது. கடைசியில் 2023-ல்தான் அதன் முதல் கப்பல் ஐசக் பெரல் சேவைக்கு வந்தது.

மும்பை முருகேசன்:
"பாதி" என்று சொல்லிவிட்டு நான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறீர்கள். ஜப்பான் கட்டுவது டீசல், அமெரிக்கா அணுசக்தி. இரண்டின் விலையையும் ஒரே தராசில் வைக்க முடியாது, பல வருடம் ராடு பிடித்தவருக்கு இது தெரிய வேண்டாமா.

சுறாமீன்:
வெல்டிங் பட்டறை மூடும் நேரம் ஆயிற்று போல.

வெல்டர் பாண்டி:
ஜப்பான் விலையை நான் எங்கே சொன்னேன்? விடாமல் கட்டுவதைச் சொன்னேன். மேலே போய்ப் படியுங்கள். சுறாமீனை இனி யாரும் மேற்கோள் காட்டாதீர்கள், என் பக்கத்தில் முடக்கிவிட்டேன்.

தாமிரபரணி:
அண்ணாச்சி, மின்னசோட்டா வெல்டுக்குப் பதில் இன்னும் வரவில்லை.