மறு: மறு: ‘நன்கு வேறுபட்ட’ என்றால் நல்லதா, கெட்டதா?

> புற்றுநோய் அறிக்கையில் வரும் ‘வேறுபாடடைதல்’ (differentiation: செல் முதிர்ந்து தன் திசுவுக்குரிய வடிவமும் தொழிலும் பெறுதல்) பாடநூலில் நிலைத்த சொல். கலைக்க வேண்டாம்.

ஐயா, வகுப்புக்குச் சரி. என் கையிலிருப்பது நோயாளிகளுக்கான கையேடு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘குறைவாக வேறுபட்ட புற்று’ என்ற வரியைப் படித்த என் அத்தை, “அதிகம் மாறவில்லையே, பயமில்லை” என்றார். உண்மை நேரெதிர். செல் தன் திசுவுக்குரிய வடிவத்தையும் தொழிலையும் இழந்துவிட்டது என்பதுதான் அங்கே செய்தி. அதையே ‘உயர்தரப் புற்று’ (high grade, அதாவது தீவிரமானது) என்பது இன்னும் மோசம். உயர்தர சைவ உணவகம் போல ஒலிக்கிறது.

நோயியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டில் தேடுவது, மிஞ்சியிருக்கும் ஒற்றுமையை. பெருங்குடல் புற்றில் சுரப்பிக் குழாய்கள் பாதிக்குமேல் உருவாகியிருக்கின்றனவா? செதிள் புற்றில் இளஞ்சிவப்பாகச் சுருண்ட கெரட்டின் (தோலிலும் நகத்திலும் உள்ள புரதம்) முத்துகள் தெரிகின்றனவா? எதுவுமே இல்லாமல், கருக்கள் பெருத்து, கருநீலமாகி, சில மூன்று முனைகளாகப் பிளந்துகொண்டிருந்தால், சைட்டோகெரட்டின், எஸ்-100, சிடி45 என்று ஒவ்வொரு புரதமாகச் சாயமேற்றிப் பூர்விகம் விசாரிக்க வேண்டியதுதான்.

செல் இப்படி உருவிழந்த நிலைக்கு ஆங்கிலத்தில் ‘அனபிளாசியா’. அதன் கிரேக்கத்தை அப்படியே பெயர்த்து ‘பின்னுருவாக்கம்’ என்று வைக்கச் சொன்ன நண்பருக்கு: 1890இல் ஜெர்மானிய நோயியலாளர் ஹான்ஸமான் அப்படிப் பெயரிட்டபோது முதிர்ந்த செல் பின்னோக்கி நடப்பதாகக் கொண்டார். பெரும்பாலும் அது முதிராமலே நின்றுவிடுகிறது என்பது இன்றைய கருத்து. அவர் வழுவை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

யாழ்ப்பாண அண்ணன் தந்த ‘வியத்தம்’ வேறுபாடடைதலுக்கு இலங்கைப் பாடநூல்களில் புழங்குவது. இங்கே வியப்பு என்றுதான் படிப்பார்கள்.

என் பரிந்துரை: தாய்த்திசுச் சாயல் நிறைந்த, குன்றிய, அற்ற.

*

தம்பி, நன்னூலார் மூன்று விகாரம் சொன்னார். புதுக்கட்டி தோன்றல்; ஒரு திசு இன்னொன்றாக மாறுவது திரிதல்; செல் உருவிழக்கும் இது கெடுதல். ‘உருக்கேடு’ என்றால் ஐந்தே எழுத்து. சாயல் முகத்துக்கு உரியது. சங்கப் பாட்டில் மயிலுக்கும் உண்டு. குடலுக்கு ஏது சாயல்?

*

ஐயா, ‘உருக்கேடு’ என்று அறிக்கையில் பார்த்தால் நோயாளி அன்றைக்கே படுத்துவிடுவார்.

*

மட்டுறுத்துநர்: சாயலுக்கு ஐவர், உருக்கேட்டுக்கு இருவர், ‘வேறுபாடு’ மாறக் கூடாது என்று ஒருவர். கையேட்டுக்குச் சாயலே போகட்டும். இழையை மூடுகிறேன்.

*

மூடுமுன் ஒன்று: ‘திசு’ எப்போது தமிழாயிற்று? இழையம் இருக்கிறதே.