உள்பக்கம் விளிம்பு மடிந்த குழாயின் சுவர் தடிமனை காலிப்பரில் எடுப்பது எப்படி?

கேள்வி: குழாயின் உள் ஆரம் 10 மி.மீ., சுவர் சுமார் 3 மி.மீ., வாயில் விளிம்பு 4 மி.மீ. உள்ளே மடிந்திருக்கிறது. டிஜிட்டல் காலிப்பரின் (இரண்டு தாடைகளுக்கு இடையே பிடித்து அளக்கும் கருவி) தாடையைச் சுவரில் பொருத்த முடிகிறது, ஆனால் திறக்காமல் வெளியே எடுக்க முடியவில்லை. எடுத்தால் அளவு போய்விடுகிறது.

பதில் 1: 6 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை உள்சுவரில், குழாயின் நீளவாக்கில் படுக்க வையுங்கள். முதலில் தண்டை மட்டும் பிடித்து, திரையைப் பூஜ்யமாக்கும் ஜீரோ பொத்தானை அழுத்துங்கள். அதில் பொறித்த அளவை நம்பாதீர்கள். பிறகு தண்டையும் சுவரையும் சேர்த்துப் பிடித்தால் திரையில் வருவதே தடிமன். தாடை விளிம்பைத் தொடாது.

பதில் 2: விளிம்பு இல்லாவிட்டாலும் தண்டு நல்லதுதான். தட்டைத் தாடை குழிந்த சுவரில் இரண்டு ஓரங்களில்தான் உட்காரும், நடுவில் இடைவெளி. 3 மி.மீ. அகலத் தாடை உங்கள் குழாயில் 0.11 மி.மீ. கூட்டிக் காட்டும்! கிண்ணம் போல எல்லாப் பக்கமும் குழிந்திருந்தால் தண்டுக்குப் பதில் பேரிங் குண்டு.

கேள்வி கேட்டவர்: ஒவ்வொரு முறையும் 0.05 மி.மீ. மாறுகிறதே?

பதில் 1: காலிப்பர் சாய்கிறது. லேசாக ஆட்டிப் பார்த்து, வரும் மிகக் குறைந்த அளவை எடுங்கள். தாடைகளின் நுனியால் அழுத்திப் பிடித்தால் நகரும் தாடை சாயும், அளவு குறைந்துவிடும். ஜீரோ வைத்தபோது பிடித்த அதே இடம், அதே அழுத்தம்.