எட்டும் எட்டும் ஒன்றும்

குழு: கிழக்கு வீட்டுச் சொந்தங்கள்

மாலை 5:31 (இந்திய நேரம்)

வள்ளி: ஐயோ, உயிரே போய்விட்டது. இங்கே ஸ்காட்லாந்தில், எடின்பரோ கோட்டையில் பீரங்கி வெடித்தார்கள்.

கதிர்: சண்டையா அக்கா?

வள்ளி: மணி காட்டுவதற்குடா. 1861-இலிருந்து ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர தினமும் பகல் 1 மணிக்கு வெடிக்கிறார்கள். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரிபார்க்க ஆரம்பித்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. கையிலிருந்த காபி பாதி கோட்டில்.

அம்மா: எந்தக் கோட்டு? நான் பட்டன் மாற்றித் தந்ததா?

வள்ளி: அதேதான்.

அம்மா: வெந்நீரில் நனைக்காதே, கறை பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டாயா?

வள்ளி: பிரெட்டும் சூப்பும். அறையில் ஹீட்டர் ஓடவில்லை. கேட்டால், ஜூன் மாதத்தில் எதற்கு என்கிறார்கள்.

பெரியப்பா: அதை விடு. உன் நாவலுக்காகத் தேடிப் போன அந்தப் பழைய கொலை வழக்கு என்ன ஆயிற்று?

வள்ளி: காலையில் வெஸ்ட் போர்ட் தெருவில்தான் நடந்தேன் பெரியப்பா. கொலைகாரன் ஹேரின் விடுதி அந்தப் பக்கம்தான் இருந்தது. 1827 நவம்பரில், 4 பவுண்டு பாக்கி வைத்திருந்த ஒரு கிழவர் நோயில் செத்துப்போனார். ஹேரும் அவன் கூட்டாளி பர்க்கும் உடலை, மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லித்தந்த டாக்டர் நாக்ஸின் ஆட்களிடம் விற்றார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங்.

கதிர்: பாக்கி போக மூன்றரை பவுண்டு மிச்சம்.

வள்ளி: ருசி கண்டுவிட்டார்கள். அடுத்த ஒரு வருடத்துக்குள் 16 கொலை.

பெரியப்பா: டாக்டர் ஏன் கேள்வி கேட்காமல் வாங்கினார்?

வள்ளி: தூக்கிலிட்ட கொலைகாரர்கள் மாதிரி ஒரு சிலரின் உடலைத்தான் அறுத்துப் படிக்கச் சட்டம் விட்டது. மாணவர் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? புதைத்த பிணத்தையே தோண்டி எடுத்து விற்றார்கள். கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் சமாதிக்கு மேல் இரும்புக் கூண்டு இன்னும் இருக்கிறது, திருடன் கை வைக்காமலிருக்க.

பெரியப்பா: தண்டனை?

வள்ளி: பர்க்குக்கு மட்டும் தூக்கு, 1829 ஜனவரி 28. ஹேர் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லித் தப்பிவிட்டான். டாக்டர் மேல் வழக்கே இல்லை.

பெரியப்பா: அப்ரூவர்! முப்பது வருடம் கோர்ட்டில் இதைத்தானே பார்த்தேன்.

வள்ளி: பர்க்கின் உடலையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அம்மா: டிபன் சாப்பிடும் நேரத்தில் இதெல்லாம் வேண்டாம்.

இரவு 9:40

வள்ளி: (படம்)

அம்மா: பொம்மையா?

வள்ளி: சவப்பெட்டிக்குள் பொம்மை. ஒரு பெட்டி பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. 1836-இல் ஆர்தர்ஸ் சீட் மலையில் முயல் பிடிக்கப் போன பையன்கள் பலகைக்கல்லுக்குப் பின்னால் கண்டுபிடித்தார்கள். கீழ் வரிசையில் எட்டு, அதன்மேல் எட்டு, மூன்றாவது வரிசையில் ஒன்றே ஒன்று. பையன்கள் தூக்கியெறிந்து விளையாடியதில் பல உடைந்தன. மிஞ்சிய எட்டு இங்கே தேசிய அருங்காட்சியகத்தில்.

கதிர்: மொத்தம் 17. கொலை 16, அந்தக் கிழவர் ஒன்று!

வள்ளி: அதை வைத்துத்தான்டா நாவலையே கட்டியிருக்கிறேன். செத்தவர்களுக்காக யாரோ மனசு கேட்காமல் ரகசியமாகச் செய்த அடக்கம் என்று.

அம்மா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது தைத்துப் போட்ட துணி இல்லை. பொம்மை மேலேயே சுற்றி, அப்படியே தைத்திருக்கிறார்கள்.

வள்ளி: ஆமாம்! நானும் அப்படித்தான் படித்தேன். சில பொம்மைக்குக் கை இல்லை பார், பெட்டிக்குள் அடங்க எடுத்திருப்பார்கள் என்கிறார்கள். முதலில் விளையாட்டுச் சிப்பாய்களாக இருந்திருக்கலாமாம்.

அம்மா: அதுதான் கண் திறந்திருக்கிறது. ஏன் எல்லாவற்றுக்கும் கால்சட்டை?

வள்ளி: அங்கேதான் இடிக்கிறது. கொலையான 16 பேரில் 12 பேர் பெண்கள்.

அம்மா: ஒரு சாண் துணி சுற்றினால் பாவாடை. காலுக்குத் தனித்தனியாகச் சுற்றித் தைப்பதுதான் சிரமம். மெனக்கெட்டுத் தைத்திருக்கிறார்கள் என்றால், ஆம்பிளை என்று நினைத்துத்தான் தைத்திருக்கிறார்கள்.

கதிர்: அம்மா உன் நாவலை முடித்துவிட்டாள்.

வள்ளி: ஒன்பது அத்தியாயம் எழுதிவிட்டேன் அம்மா.

அம்மா: பிரித்துத் தை. நான் மாதம் நாலு ரவிக்கை பிரிக்கிறேன். இடது ஓரத்துப் பொம்மையைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு, நூல் சரியாகத் தெரியவில்லை.

வள்ளி: மூடிவிட்டார்கள். நாளைக்கு 10 மணிக்குத் திறந்ததும் போகிறேன்.

அம்மா: கோட்டுப் போட்டுக்கொண்டு போ. கறை போயிற்றா?