கண்மாய் இடத்தைப் பட்டாளத்துக்காரர்களுக்குத் தருவேன் என்கிறார் எம்.எல்.ஏ., நடக்குமா?

கானாடுகாத்தான் பக்கத்து ஊர்க்காரன்:
போன வாரம் ஒரு திறப்பு விழாவில் எங்கள் எம்.எல்.ஏ. இரண்டு விஷயம் பேசினார். வறண்டு கிடக்கிற கண்மாய் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்குகிற உட்பகுதியை அளந்து, பட்டாளத்தில் இருக்கிற பையன்களின் குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் பட்டா வாங்கித் தருவாராம். அப்புறம் செட்டிநாடு பழைய விமான ஓடுதளத்தை ராணுவத்திடம் கொடுக்க ஏற்பாடு செய்வாராம், சுற்றியுள்ள நிலமும் அதற்குத் தேவைப்படுமாம். என் தம்பி அக்னிவீர், அதாவது அக்னிபத் திட்டத்தில் நான்கு வருஷத்துக்கு ராணுவத்தில் சேர்ந்தவன். அம்மா அன்றைக்கே அவனுடைய ஆதார், ஆள்சேர்ப்பு ஆணை எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மஞ்சள் பையில் வைத்துவிட்டார். ஆனால் எங்கள் பட்டா நிலம் அந்த ஓடுதளத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கொடுப்பேன் என்பதை நம்புவதா, எடுப்பேன் என்பதற்குப் பயப்படுவதா?

வருவாய்த்துறை ஓய்வு:
தம்பி, கண்மாய் விஷயம் நடக்காது. தண்ணீர் இல்லையென்றாலும் 'அ' பதிவேட்டில், அதாவது கிராம நிலப் பதிவேட்டில், கண்மாய் என்று இருந்தால் அது ஆட்சேபகரமான புறம்போக்கு, அதை யாருக்கும் ஒப்படை செய்யக்கூடாது, அதாவது பட்டா போட்டுக் கொடுக்கக்கூடாது. ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றவே தமிழ்நாட்டில் 2007-இல் தனிச்சட்டம் போட்டார்கள், ஊர்ப் பொது இடங்களை ஆக்கிரமித்தவர்களுக்கே வரன்முறைப்படுத்திக் கொடுக்கிற பழக்கத்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பட்டா கொடுக்கிற அதிகாரம் வருவாய்த்துறைக்கு, எம்.எல்.ஏ.வுக்கு இல்லை. அவர் பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம், சட்டசபையில் கேட்கலாம், அவ்வளவுதான். உள்வாயில் வீடு கட்டிய பிறகு ஒரு வருஷம் மழை கொட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? நம் பக்கம் விவசாயமே கண்மாயை நம்பித்தானே இருக்கிறது, அதைப் பங்கு போடுகிறேன் என்று மேடையில் சொல்வதே தப்பு.

ஓய்வு ஹவில்தார், தேவகோட்டை:
அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். முன்னாள் படைவீரர்களுக்கு நிலம் ஒப்படை செய்ய விதி இருக்கிறது, அதுவும் ஒப்படைக்கத் தகுந்த தரிசு இருந்தால்தான். ஆனால் 2022-இல் கொண்டுவந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருஷம் முடித்து வெளியே வருகிறவர்களுக்கு முன்னாள் படைவீரர் அந்தஸ்து கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. ஒரே தொகுதியில் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடர முடியும், மற்றவர்கள் சேவா நிதி என்று கடைசியில் கொடுக்கிற மொத்தத் தொகையோடு வீட்டுக்கு வரவேண்டியதுதான். பையன்களுக்கு நிஜமாகவே ஏதாவது செய்ய நினைத்தால், திரும்பி வந்த பிறகு மாநில அரசு வேலையில் இடம் வேண்டும் என்று அவர் சட்டசபையில் பேசட்டும். பனியிலும் வெயிலிலும் நிற்கிற பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எனக்கு வயிறு எரிகிறது.

கானாடுகாத்தான் பக்கத்து ஊர்க்காரன்:
நன்றி ஐயா, அண்ணே. ஓடுதளம் பற்றியும் யாராவது சொல்லுங்கள், அப்பா அதை நினைத்துத் தூங்குவதே இல்லை.

காரைக்குடி வக்கீல்:
அப்பாவைத் தூங்கச் சொல்லுங்கள். அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப்போர் காலத்தது, அது இருப்பது அரசுக் கால்நடைப் பண்ணை நிலத்தில். மறுபடி விமானம் வரவேண்டும் என்ற பேச்சு வெகுநாளாக ஓடுகிறது. பாதுகாப்பு மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது, நிலம் மாநிலப் பட்டியலில், ஆகவே இரண்டு அரசும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. உங்கள் பட்டா நிலம் வேண்டுமென்றால் 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி முதலில் அறிவிக்கை வரவேண்டும், அது வெளியான 60 நாளுக்குள் நீங்கள் ஆட்சேபணை கொடுக்கலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், நாட்டின் பாதுகாப்புக்கு அவசரம் என்று அரசு சொன்னால் இந்த வழிமுறையைச் சுருக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது, அப்போதும் இழப்பீடு கொடுத்தே ஆகவேண்டும். அறிவிக்கை எதுவும் வராமல் யாராவது வந்து கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அப்பா பெயரில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், தாத்தா பெயரிலேயே கிடந்தால் முதலில் வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுங்கள். கண்மாய்க்குத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுங்கள், சர்வே எண் போட்டு, இதைப் பிரித்துக் கொடுக்கும் உத்தேசம் உண்டா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.