சமத = தணிவு, விபஸ்ஸனா = தெளிகாணல்: சரிவருமா?

வணக்கம்.

பௌத்தத் தியானத்தின் இரு பக்கங்களான சமத (மனத்தை அடங்கச் செய்வது), விபஸ்ஸனா (நடப்பதைத் தெளிவாகக் காண்பது) ஆகியவற்றுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது. நேற்றைய மடலில் விபஸ்ஸனாவுக்கு 'நுண்ணறிவுத் தியானம்' என்று எழுதியிருந்தீர்கள். அது வேண்டாம். இங்கே சிங்கப்பூரில் தமிழ்ச் செய்தியைத் திறந்தாலே செயற்கை நுண்ணறிவுதான், அதே சொல்லைத் தியானத்துக்கும் வைத்தால் மூளையைக் கூராக்கும் பயிற்சி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியில் 'பஸ்ஸதி' என்றால் காண்கிறான். உடலிலும் மனத்திலும் நடப்பதை நிலையாமை, துக்கம், அநாத்மா ('நான்' என்று நிலையான ஒன்று இல்லை) என்று தெளிவாகப் பிரித்துக் காண்பதுதான் விபஸ்ஸனா. 'காண்' என்ற வினை சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும்.

சமதவை அப்படியே ஒலிபெயர்க்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். நான் செய்து பார்த்துவிட்டேன். ஞாயிறு காலைகளில் எங்கள் புளோக்குக்குக் கீழே ஆறேழு பேர் உட்காருகிறோம், அவர்களுக்குத் தயாரித்த ஒரு பக்கக் குறிப்பில் 'சமத தியானம்' என்றே போட்டேன். ஓர் அக்கா, "இன்பம் துன்பம் ரெண்டையும் சமமா பாக்குறதுதானே தம்பி?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. வடமொழியில் 'சமம்' வேறு, தணிதலைக் குறிக்கும் 'ஶமதம்' வேறு. ஆனால் பாளியிலும் தமிழிலும் ஶ இல்லை, இரண்டும் ஒரே ச ஆகிவிடுகின்றன. பௌத்தத்தில் சமநிலைக்கு 'உபேக்கா' என்று தனிச்சொல் இருக்கும்போது இந்தக் குழப்பம் சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் தணிவு என்கிறேன். காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது. முருகன் சினம் தணிந்த மலைக்குத் தணிகை என்றே பெயர். 'அமைதி' எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் அது ஏற்கெனவே வந்துசேர்ந்துவிட்ட நிலையைச் சொல்கிறது. மூச்சையோ வேறொன்றையோ பற்றிக்கொண்டு மனம் மெல்ல அடங்கும் அந்த நடப்பு அதில் இல்லை.

விபஸ்ஸனாவுக்கு முதலில் 'தெளிகாட்சி' என்று நினைத்தேன். குறளில் 'மாசறு காட்சி யவர்க்கு' என்று வருகிறதே, குற்றமற்ற மெய்யறிவு என்ற அந்தப் பொருளில். ஆனால் இன்று காட்சி என்றால் சினிமாவில் மாலைக் காட்சி. அப்புறம், தெரிவதைவிடக் காணும் செயல்தான் இங்கே முக்கியம், ஆகவே தெளிகாணல். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'தெளி'. கலங்கிய நீர் அடங்கினால்தான் தெளியும், தெளிந்தால்தான் அடி தெரியும். தணிவோடு உள்ள உறவு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

இவை இரண்டு போட்டிக் கட்சிகள் போல எழுதப்படுவதுதான் என் பெரிய கவலை. கோசம்பி நகரில் புத்தரின் சீடர் ஆனந்தர் சொன்ன சூத்திரத்தில் சமதவை முன்வைத்து விபஸ்ஸனா, விபஸ்ஸனாவை முன்வைத்து சமத, இரண்டையும் சேர்த்தே வளர்ப்பது என எல்லா வழிக்கும் இடம் இருக்கிறது. பர்மியத் துறவி மகாசி சயாடோ (1904–1982) வழியில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து நேரடியாக விபஸ்ஸனாவில் தொடங்குகிறார்கள். தியான ஆசிரியர் கோயங்காவின் 10 நாள் வகுப்பிலோ, பெயர் விபஸ்ஸனா என்றாலும், முதல் 3 நாள் மூச்சைக் கவனித்து மனத்தை ஒருமுகப்படுத்தவே போகின்றன. 'தணிவுப் பள்ளி', 'தெளிகாணல் பள்ளி' என்று கலைச்சொல் பட்டியலில் பிரித்துப் போடாதீர்கள்.

இரண்டையும் சேர்த்து வளர்ப்பதற்குப் பாளியில் 'யுகநத்த', அதாவது நுகத்தில் பூட்டியது. 'நுகப்பிணைப்பு' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன், கொஞ்சம் முரடாக இருக்கிறது. விசாக தினத்துக்கு முன் குறிப்பைத் திருத்தி அச்செடுக்க வேண்டும். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.